கல்வெட்டின் நான்காவது வரி

என் அலுமாரியில் புத்தகங்கள் பொருள்வாரியாக நிற்கும். மேல் தட்டில் இலக்கணம், அதற்குக் கீழே செய்யுள், அதற்கும் கீழே நாவலும் சிறுகதையும். திறனாய்வுக்கென்று ஒதுக்கிய தட்டில், அமைப்பியல் பற்றிய தடித்த நூல் ஒன்றுக்கும் வாசகரைப் பற்றிய மெல்லிய நூல் ஒன்றுக்கும் நடுவே நீல அட்டை போட்ட ஒரு கல்வெட்டு இருக்கிறது. வீட்டுக்கு வருகிற சக ஆசிரியர்கள் யாராவது அதை உருவிப் பார்த்துவிட்டு, "இது ஏன் டீச்சர் இங்க இருக்கு? யாரோ செத்துப்போனவங்க புத்தகமில்ல இது?" என்று கேட்பார்கள். சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி, வாங்கி, அதே இடைவெளியில் திரும்பச் செருகிவிடுவேன்.

இந்தக் கல்வெட்டு கல்லில் வெட்டியது அல்ல. யாழ்ப்பாணத்து வழக்கத்தில், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கும் சிறிய புத்தகம். முதலில் இறந்தவரின் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, அதன் பின் புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று உறவுமுறைப்படி வரிசையாக வரும். எல்லாம் 'நான்', 'நாங்கள்' என்றுதான் பேசும். ஆனால் எழுதுவது மனைவியும் அல்ல, மக்களும் அல்ல. ஊரில் பாட்டுக் கட்டத் தெரிந்த யாரோ ஒருவர் எழுதிக் கொடுப்பார். மலையகத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த வழக்கமே தெரியாது. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு வாழ்த்துமடல் அடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்போம். சாவுக்குப் புத்தகம் அடிப்பதில்லை. கல்வெட்டு என்ற ஒன்றை நான் அறிந்தது நாற்பது வயது கடந்தபின், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு முதுகலைமாணிப் படிப்புக்குப் போன இடத்தில்.

சனியும் ஞாயிறும் வகுப்பு. வார நாள்களில் நாவலப்பிட்டியில் ஆறாந்தரப் பிள்ளைகளுக்கு எழுவாய், பயனிலை சொல்லிக்கொடுப்பேன். சனிக்கிழமை விடிந்ததும் கண்டி பஸ்ஸில் ஏறி, கம்பளை, கெலிஓயா தாண்டி, கலஹா சந்தியில் இறங்குவேன். சந்தியிலிருந்து உள்ளே நடக்கும் பாதையில் பெரிய மரங்கள் இரு பக்கமும் கவிந்து நிற்கும். மழை விட்ட பிறகும் அந்த மரங்களுக்குக் கீழே மழை பெய்துகொண்டேயிருக்கும். குடையை மடக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாத பாதை அது. இப்போது நினைத்தாலும் முதலில் நினைவுக்கு வருவது கோட்பாடுகள் அல்ல. ஈரக் குடையைக் கதிரைக்குப் பின்னால் விரித்து வைத்துவிட்டு, போட்டோக்கொப்பித் தாள்கள் நனைந்தனவா என்று ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்ததுதான்.

வகுப்பில் பெரும்பாலானவர்கள் எங்கள் மாணவர்களாக இருந்திருக்கக்கூடிய வயதினர். நடுவயதுக்காரர்கள் மூன்று பேர்தான், அதனால் முதல் நாளே ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். ஒருவர் கண்டியில் வங்கி ஒன்றில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தவர், கலியாணம் கட்டாதவர், பெற்றோரைத் தன்னோடு கட்டுகஸ்தோட்டைக்கு அழைத்துவந்து வைத்திருந்தார். அவரை நாங்கள் மரியாதையாக 'வங்கிச் சேர்' என்போம். மற்றவர் அக்குறணையில் தமிழ் கற்பித்த டீச்சர். அவர் சிரித்தால் பக்கத்து வகுப்பில் விரிவுரை நிற்கும்.

கட்டவிழ்ப்பு என்ற திறனாய்வுக் கோட்பாட்டைப் படித்த நாள்கள் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு மூட்டுகின்றன. விரிவுரையாளர் 'கட்டவிழ்ப்பு' என்றார். வங்கிச் சேர் வைத்திருந்த சென்னைப் புத்தகம் 'கட்டுடைப்பு' என்றது. அக்குறணை டீச்சருக்கு யாரோ கொடுத்த பழைய குறிப்பில் 'தகர்ப்பமைப்பு' என்றிருந்தது. மூன்றும் மூன்று கோட்பாடுகள் என்று நம்பி, நான் மூன்று நிறப் பேனையால் மூன்று நிரல் கீறி, ஒவ்வொன்றுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதிவந்தேன். நிரல்கள் நிரம்பவும் செய்தன. ஒருநாள் அந்தத் தாளை விரிவுரையாளரிடம் காட்டினேன். மட்டக்களப்பைச் சேர்ந்த அந்த அம்மையார் அதிகம் பேசாதவர். தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"மூண்டும் ஒண்டுதான்" என்றார். பிறகு, "ஆனா வேறுபாடெல்லாம் நல்லா எழுதியிருக்கிறீங்க" என்று தாளைத் திருப்பித் தந்தார்.

அக்குறணை டீச்சர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். "இல்லாத வித்தியாசத்தையும் எழுதலாம் எண்டு காட்டிட்டீங்க டீச்சர். இதுக்கே ஒரு பட்டம் தரோணும்."

எங்களுக்குக் கோட்பாடு புரிந்ததெல்லாம் பஸ் வழியாகத்தான். ஒரு சொல்லுக்கும் அதன் பொருளுக்கும் இயல்பான ஒட்டு எதுவும் இல்லை, சுற்றியிருக்கும் மற்றச் சொற்களோடு உள்ள வேறுபாட்டால்தான் அது பொருள் கொள்கிறது என்ற பாடம் எனக்கு ஏறவேயில்லை. கன்டீனில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்குறணை டீச்சர்தான் விளக்கினார்.

"நான் செல்றதக் கேளுங்க. கண்டியில கொண்டக்டர் 'மாத்தளை, மாத்தளை' எண்டு கத்துறான். நான் ஓடிப் போய் ஏறுறேன். நான் மாத்தளைக்குப் போறதே இல்ல. வழியில அக்குறணையில எறங்கிருவேன். அப்ப எனக்கு மாத்தளை எண்டா என்ன?"

"என்ன?"

"ஊடு. எங்கட ஊடு. அவன் குருநாகல் எண்டு கத்தினா அது ஊடு இல்ல. அவ்வளவுதான் டீச்சர், இதத்தான் அந்தப் பெரிய மனுஷன் ஒரு புத்தகம் முழுக்க எழுதிவெச்சீக்கிறார்."

மாதம் ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் மூவரும் கட்டுகஸ்தோட்டையில் வங்கிச் சேரின் வீட்டுக்குப் போவோம். ஆங்கிலக் கட்டுரைகளை அவர் பந்தி பந்தியாக வாசித்துப் பொருள் சொல்வார். நான் தமிழில் எழுதுவேன். அக்குறணை டீச்சர் "இது வெளங்கல்ல, திரும்பச் செல்லுங்க" என்பார். வங்கிச் சேரின் அம்மா தேத்தண்ணியோடு பனங்கட்டி கொண்டுவந்து வைப்பார். ஊரிலிருந்து வருகிற ஆட்களிடம் சொல்லி எடுப்பித்த பனங்கட்டி அது. கண்டியில் கிடைக்கும் கித்துள் கருப்பட்டியை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "உது பிள்ளையள் தின்னுற இனிப்பு. தேத்தண்ணிக்கு இதுதான்" என்பார்.

அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். பல ஊர்களில் வேலை பார்த்தவர். சாய்மனைக் கதிரையில் இருந்தபடி எங்கள் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் மைப்பேனையால்தான் எழுதுவார். திறந்தால் மூடியை எங்கேயாவது வைத்துவிடுவார். "இஞ்சேருங்கோ, மூடி எங்க? மை காயப்போகுது" என்று அம்மா மேசைக்கடியிலும் பத்திரிகைக் கட்டுக்குள்ளும் தேடிக்கொண்டு திரிவார். எதையும் வைத்த இடத்தில் வைக்கிற பழக்கமுள்ள எனக்கு அதைப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஒருமுறை நானே ஜன்னல் விளிம்பிலிருந்து மூடியைக் கண்டெடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அம்மாவுக்கு என்மேல் தனி மதிப்பு.

"என்ன படிக்கிறியள்?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"கட்டவிழ்ப்பு ஐயா" என்றேன்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியே? கலியாணத்தைக் கட்டடா எண்டு பத்து வருஷமாச் சொல்லுறம். இவன் காசு கட்டிப் போய் அவிழ்க்கிறதைப் படிக்கிறான்."

வங்கிச் சேர் தாளைவிட்டுத் தலை நிமிர்த்தவேயில்லை. நாங்கள் இருவரும் பனங்கட்டியை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தோம்.

இரண்டாம் வருடம் ஆய்வுக்குத் தலைப்பு எடுக்க வேண்டும். வங்கிச் சேர் கல்வெட்டை எடுத்தார். அதைக் கேள்விப்பட்ட அலுவலகத்து எழுதுவினைஞர் ஒருவர், "வரலாற்றுத்துறை மற்றக் கட்டடம்" என்று வழிகாட்டினாராம். உறவினர் வீடுகளிலிருந்து பழைய கல்வெட்டுகளைத் தேடி எடுத்து, புலம்பல்களை எல்லாம் வரிவரியாகப் பிரித்துப் பெரிய அட்டவணை போட்டார். வங்கிக்காரர் அல்லவா, பெட்டி கீறுவதில் என்னையும் மிஞ்சினார். மனைவி புலம்பலில் முதல் பெட்டி ஒரு மரம், இரண்டாவது ஒரு தெய்வம், மூன்றாவது வீட்டு வாசல், நான்காவது கொடுத்த வாக்கு. மரத்தின் பெயரையும் தெய்வத்தின் பெயரையும் எதுகைக்கு ஏற்ப மாற்றிப் போட்டால் புலம்பல் வந்துவிடும்.

அதைக் கருத்தரங்கு வகுப்பில் அவர் செய்தே காட்டினார். வெண்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "முதல் வரியை நான் சொல்லுறன்" என்று பலகையில் எழுதினார்.

ஆலமரம் போலிருந்தீர் ஐயா என் துரையே

"இரண்டாவது வரி எப்பிடித் தொடங்கும்? ஆல... எதுகை வேணும். தெய்வம் வேணும்."

"வேல! வேலவன்!" என்றது பின்வரிசை.

வேலவனார் அடிதேடி விரைந்ததுவும் முறையோ

"மூண்டாவது, வாசல்."

"கோலம்!"

கோலமிட்ட வாசலிலே குரல்கேட்க நின்றேன்

"நாலாவதை எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கோ."

"காலமெல்லாம்!" என்று வகுப்பே கத்தியது. நானும் கத்தினேன்.

காலமெல்லாம் காப்பனென்றீர் கைவிட்டுச் சென்றீர்

அவர் வெண்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். "முடிஞ்சுது. ஒருத்தரும் சாகேல்லை, ஒருத்தரும் அழேல்லை. புலம்பல் வந்திட்டுது. இதில 'நான்' எண்டு இருக்கிற இடம் ஒரு வெற்றுப் பெட்டி. அதுக்குள்ள எந்த மனுசியும் இல்லை."

வகுப்பு கைதட்டியது. அக்குறணை டீச்சர் எழுந்து நின்று, "சேர், எனக்கும் ஒண்டு கட்டித் தாங்க. எங்கட மாப்புள்ள உசுரோடதான் ஈக்கிறார், ஆனாலும் கையில இருந்தா நல்லந்தானே" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

விரிவுரையாளர் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லம்" என்றார். "யார் எழுதினது எண்டு நாலு அத்தியாயம் எழுதியிருக்கிறீங்க. இதை வாசிக்கிறது யார்?"

"ஒருத்தரும் வாசிக்கிறேல்லை மெடம். வாங்கிக்கொண்டு போய் அலுமாரியில வைப்பினம்."

"நீங்க பார்த்தீங்களா?"

வங்கிச் சேர் வெண்கட்டியை மீண்டும் கையில் எடுத்தார்.

"பார்த்து எழுதுங்க. அது இல்லாம ஆய்வு முடியாது."

அப்படித்தான் ஐந்தாம் அத்தியாயம் வெறுமையாக நின்றது. 'வாசகர்' என்று தலைப்பு எழுதிய ஒரு தாளை மட்டும் அவர் கோப்பின் கடைசியில் வைத்திருந்தார். நாங்கள் கேட்டால், "இல்லாத ஆளைப் பற்றி என்னத்தை எழுதுறது?" என்பார்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அவருடைய அப்பா மாரடைப்பால் காலமானார். மகியாவை மயானத்தில் தகனம். ஊரிலிருந்து உடனே வந்துசேரக்கூடியவர்கள் குறைவு. வங்கியிலிருந்து சிலர், வகுப்பிலிருந்து சிலர், அயலவர்கள். அம்மா அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போதுமா என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து நானும் அக்குறணை டீச்சரும் அவரைப் பார்க்கப் போனோம். மேசையில் தாள்கள் கிடந்தன. முப்பத்தோராம் நாளுக்கான கல்வெட்டு. படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல் என்று வங்கிச் சேர் ஒழுங்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். கடைசித் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"என்ர புலம்பல் எங்க, தம்பி?"

"அம்மா, இப்ப உதெல்லாம் ஆரும் போடுறேல்லை."

"மற்ற ஆக்கள் போடாட்டிப் போகட்டும். நான் கேக்கிறன். ஊரில எழுதுற வாத்தியாரும் போய்ச் சேர்ந்திட்டார். நீதானே உதைப் படிக்கிறாய். எழுது."

அவர் தலையாட்டினார். எங்களை வழியனுப்ப வாசல்வரை வந்தபோது படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு அது எப்பிடிச் செய்யிறது எண்டு தெரியும் டீச்சர். கண்ணை மூடிக்கொண்டு செய்வன். அதாலதான் ஏலாமல் கிடக்கு. அப்பாவுக்குப் போய் நான் பெட்டி நிரப்புறதோ? வகுப்பே சிரிச்ச பாட்டு அது."

"அப்ப பெட்டி நெரப்பாம எழுதுங்க சேர்" என்றார் அக்குறணை டீச்சர். "உங்கட வாப்பாவ உங்களுக்குத் தெரியாதா? உம்மாவத் தெரியாதா? உள்ளத எழுதுங்க."

அந்தச் சனிக்கிழமை கன்டீனில் வங்கிச் சேர் ஒரு தாளை எங்கள் முன்னால் வைத்தார். அம்மாவின் குரலில் எழுதிய புதுக்கவிதை. தபால் கந்தோர் முத்திரையின் சத்தம் வந்தது, மாற்றலாகிப் போன ஊர்களின் மழை வந்தது. கடைசி வரிகள் இவை:

நீங்கள் திறந்து எழுதிய பேனையின் மூடியை
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.
மை காய்ந்துவிடுமே என்ற பயம்
இன்னும் போகவில்லை.

அக்குறணை டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என் நாட்குறிப்பில் அன்றைக்கு ஒரே வரி இருக்கிறது: 'மிக நல்ல கவிதை. ஒற்றுப்பிழை ஒன்று உண்டு. பிறகு சொல்ல வேண்டும்.'

மறுநாள் மூவருமாகப் போய் அதை அம்மாவிடம் கொடுத்தோம். அவர் ஒருமுறை வாசித்தார். பிறகு முதல் வரியிலிருந்து மீண்டும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லாயிருக்கு தம்பி. இதை நான் வைச்சிருக்கிறன்."

"அச்சுக்குக் குடுக்க வேணும், அம்மா."

"இது புத்தகத்துக்கில்லை."

"ஏன்?"

"மூடி தேடினது எனக்கும் அவருக்கும் உள்ள கதை. மண்டபத்துக்கு வாற சனத்துக்கு அது என்னத்துக்கு?" தாளை நான்காக மடித்தார். "எனக்கு அந்தப் பாட்டுத்தான் வேணும். எல்லாருக்கும் போடுற பாட்டு."

"அது ஆருக்கும் பொருந்துற பாட்டம்மா. பேரை மாத்தினால் காணும்."

"ஓம். அதாலதான் கேக்கிறன். அப்பு செத்தபோது என்ர அம்மாவுக்கு அதுதான் வாசிச்சவை. அத்தான் செத்தபோது பெரியக்காவுக்கும் அதுதான். நான் பக்கத்தில இருந்து அவையோட சேர்ந்து சொன்னனான். இப்ப என்ர முறை. எனக்கு மட்டும் வேற பாட்டோ?"

வங்கிச் சேர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பாட்டு மேசைக்குப் போய் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேனையைத் திறந்து, மூடியைப் பேனையின் பின்னால் கவனமாகச் செருகினார். எழுதத் தொடங்கவில்லை.

"அம்மா, ஆலமரமோ? வேறை ஏதும் மரமோ?"

"ஆலமரம்" என்றார் அம்மா, யோசிக்காமலே.

அச்சகத்திலிருந்து வந்த படியைத் திருத்துவது என் பொறுப்பாயிற்று. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நாவலப்பிட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி மடியில் வைத்துத் திருத்தினேன். வாழ்க்கை வரலாற்றில் இரண்டு இடத்தில் துணைக்கால் விடுபட்டிருந்தது. மனைவி புலம்பலில் பிழையே இல்லை. வகுப்புப் பலகையில் பார்த்த அதே நான்கு வரிகள், ஒரு எழுத்தும் மாறாமல் இருந்தன. இதைப் போய் மண்டபத்தில் வாசிக்கும்போது வகுப்பு ஞாபகம் வந்து சிரித்துவிடப் போகிறோமே என்று நான் பயந்தது எங்கள் மூவரைப் பற்றித்தான்.

முப்பத்தோராம் நாள் காலையில் மகாவலிக் கரையில் கிரியை. பிறகு கட்டுகஸ்தோட்டையில் ஒரு சிறிய மண்டபத்தில் எல்லாரும் கூடினார்கள். ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். கண்டிக் குளிருக்குச் சால்வையைப் போர்த்துக்கொண்டு முன்வரிசைகளில் இருந்தார்கள். கல்வெட்டு கைக்குக் கை போயிற்று. வங்கிச் சேர் வகுப்பில் சொன்னபடியே பலர் அதைத் திறக்காமல் கைப்பைக்குள் வைத்தார்கள். வங்கிச் சேர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்து, 'கண்டீர்களா' என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

அதை உரக்க வாசிக்க வேண்டியவர் ஊரிலிருந்து வர முடியாத மூத்த உறவினர் ஒருவர். யார் வாசிப்பது என்று பேச்சு எழுந்தது. அம்மா கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"அந்தப் பிள்ளை வாசிக்கட்டும். பிழையில்லாமல் வாசிக்கும்."

"அம்மா, எனக்கு உங்க ராகமெல்லாம் தெரியாதுங்க" என்றேன்.

"சும்மா வாசியுங்கோ. மிச்சம் நாங்கள் பாக்கிறம்."

எழுந்து போய் நின்றேன். தேவாரம் சொன்னேன். வாழ்க்கை வரலாற்றை வாசித்தேன். மனைவி புலம்பல் என்ற தலைப்பை வாசித்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அக்குறணை டீச்சர் சுவரோரக் கதிரையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

ஆலமரம் போலிருந்தீர் என்று தொடங்கினேன். முதல் வரி என்னுடைய குரலில் மட்டும் கேட்டது. இரண்டாம் வரியில் வேலவனார் என்றபோது எனக்கு முன்னால் யாரோ மெல்ல முனகுவது கேட்டது. மூன்றாம் வரியை நான் வாசிக்க, முன்வரிசைகள் ஒரு இழுவையான ராகத்தில் என்னோடு சேர்ந்துகொண்டன. யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. அது கைப்பைகளுக்குள்தான் இருந்தது. நான்காம் வரிக்கு நான் மூச்செடுத்தேன். அதற்குள் "காலமெல்லாம்" என்று மண்டபத்தின் பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்துவிட்டது. எல்லாக் குரலுக்கும் மேலே அம்மாவின் குரல். என் குரல் தேவைப்படவில்லை. நான் புத்தகத்தைப் பார்த்தபடி பேசாமல் நின்றேன். கைவிட்டுச் சென்றீர் என்று முடியும் இடத்தில் அம்மா உடைந்து அழுதார். இரண்டு பக்கத்திலும் இருந்த பெண்கள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு தங்கள் தங்கள் ஆட்களுக்காக அழுதார்கள்.

வகுப்பில் நாங்கள் கத்திய அதே சொல்தான். சிரிப்பு யாருக்கும் வரவில்லை.

வங்கிச் சேர் வாசலோரம் தண்ணீர்க் கூசாவைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அப்பா இறந்த நாளிலிருந்து அம்மா அழுது அவர் பார்த்தது அன்றைக்குத்தான் என்று பிறகு சொன்னார். பந்தி தொடங்கியதும் எங்கள் பக்கம் வந்தார்.

"டீச்சர், அவை வாசிக்கேல்லை" என்றார். "பாத்தனீங்களே? ஒருத்தரும் புத்தகத்தைத் திறக்கேல்லை. நான் எழுத முதலே அவைக்குத் தெரியும். அந்தப் பெட்டி வெறும் பெட்டி இல்லை டீச்சர். அவை தாங்கள் போய் இருக்கிறதுக்குத்தான் அதை வெறுமையா விட்டிருக்கினம். நான் அதை..."

"சேர்" என்றார் அக்குறணை டீச்சர், மூக்கைச் சிந்திக்கொண்டு. "அஞ்சாவது அத்தியாயத்த நாளைக்கு எழுதுங்க. இண்டைக்கு வந்து சோறு தின்னுங்க. உம்மா நீங்க தின்னுறீங்களா எண்டு பாத்துக்கொண்டு ஈக்கிறா."

அவர் கூசாவை என்னிடம் தந்துவிட்டுப் போய் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

ஐந்தாம் அத்தியாயம் எழுதப்பட்டது. அதற்காக அவர் முந்தைய நான்கையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. அட்டவணையை மட்டும் விரிவுரையாளர் எடுக்க விடவில்லை. "அது சரியான அட்டவணைதான், இருக்கட்டும்" என்றாராம். மூவரும் ஒரே நாளில் பட்டம் பெற்றோம். அன்று எடுத்த படத்தில் அக்குறணை டீச்சர் சிரித்த சிரிப்பில் நானும் வங்கிச் சேரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறோம். வங்கிச் சேர் இப்போது மாற்றலாகி அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறார். எனக்குச் சனிக்கிழமைகளில் வீட்டில் செய்ய வேலை எதுவும் சரியாகப் பொருந்துவதில்லை. எப்போதாவது கண்டிக்குப் போகும்போது கலஹா சந்தியில் பஸ் நின்றால் கை தானாகக் குடையைத் தேடுகிறது.

போன மாதம் அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. சுகம் விசாரித்தார். எந்தக் கடையிலும் நல்ல பனங்கட்டி இல்லை என்று சொன்னார். வைக்கப்போகிற நேரத்தில் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பிள்ளை, அந்தப் பேனை மூடி கிடைச்சிட்டுது. ரேடியோவுக்குப் பின்னால கிடந்தது."

"சேர்கிட்ட சொல்லிட்டீங்களா அம்மா?"

"அவனுக்குச் சொல்லேல்லை. சொன்னால் அதையும் ஆராய்ச்சி செய்வான். உங்களுக்குத்தான் சொல்லுறன், நீங்க ஒருக்கால் தேடி எடுத்துத் தந்தனீங்கள்."

"பேனை இருக்குங்களா?"

"இருக்கு. மூடி வைச்சிருக்கிறன்" என்றார்.